திமிங்கலம் கேட்க நான் கொடுத்த வார்த்தை

திமிங்கலத்தைப் பார்த்த கதையை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கம்பெனி கேன்டீனில் சொல்லியிருக்கிறேன். மூக்கண்டப்பள்ளி டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். மாமனார் வீட்டு வளைகாப்பில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது சொல்லியிருக்கிறேன். ஒருமுறை ராயக்கோட்டை போகிற ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தக்காளி வியாபாரியைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். "நிஜமாவா? கிட்டத்துலயா?" என்பார்கள். நானும் கையை அகட்டி, குரலைத் தாழ்த்தி, நன்றாகத்தான் சொல்வேன்.

அன்று அந்த மீன்பிடி வள்ளத்தில் எதற்காக ஏறினேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. நண்பன் ஊருக்கு லீவில் போயிருந்தேன், சும்மா கூட்டிக்கொண்டு போனான் என்று முடித்துவிடுவேன். என் மனைவிக்கே பாதிதான் தெரியும். மீதியை இங்கே எழுதுகிறேன். எழுதிவிட்டால் மனப்பாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது. திமிங்கலக் கதையைச் சொல்லி நல்ல பேர் வாங்கிக்கொண்டே இருப்பது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நான் விருதுநகர் பக்கத்துக்காரன். அந்த நண்பன் ராமநாதபுரம் கடற்கரைக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரே நாளில் ஓசூரில் வந்து இறங்கி, ஒரே கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து, மூக்கண்டப்பள்ளியில் ஒரே அறையில் பாய் விரித்தவர்கள். ஆறு அறைகள் வரிசையாக இருக்கும் லைன் வீடு அது. வீட்டுக்காரர் மனைவியிடம் தெலுங்கிலும், பால்காரரிடம் கன்னடத்திலும் பேசுவார். தண்ணீரை வீணாக்குகிறோம் என்று எங்களைத் திட்டுவதற்கு மட்டும் தமிழை வைத்திருந்தார்.

அவனுக்கு ஓசூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவே இல்லை. மார்கழியில் இரண்டு சட்டை போட்டு, அதன் மேல் யூனிபார்மையும் மாட்டிக்கொண்டு, ஊதிப்போன ஆள் மாதிரி ஷிப்டுக்கு வருவான். ஆனாலும் ஊருக்குத் திரும்புகிற எண்ணம் அவனுக்கு இருந்ததே இல்லை. "கடல்ல கைய விட்டா மீனு வருமா, பாம்பு வருமான்னு தெரியாதுடா மாப்ள. இங்க பட்டன அமுக்குனா பீஸு வந்துரும்ல," என்பான். எங்கள் கம்பெனியில் டிரெய்னிக்குச் சாம்பல் சட்டை, பெர்மனென்ட் ஆனவர்களுக்கு நீலச் சட்டை. கேன்டீனில் நீலச் சட்டைக்காரர்கள் உட்காரும் பக்கத்தை அவன் பார்க்கிற பார்வையை வைத்து நான் அவனை ரொம்பக் கிண்டல் செய்திருக்கிறேன். எனக்கும் அதே ஆசை இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் ஒரே பிரஸ்ஸில் எதிரெதிரே நிற்பவர்கள். அது இரண்டு ஆள் பிரஸ். ஆளுக்கு இரண்டாக நான்கு பச்சைப் பட்டன்கள். நான்கு கைகளும் நான்கு பட்டன்களையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து அந்த இரும்புப் பாளம் இறங்கித் தகட்டை அடிக்கும். ஆகவே அது இறங்கும்போது யாருடைய கையும் உள்ளே இருக்க முடியாது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏற்பாட்டின்படி வேலை செய்தால் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை ஒருநாளும் வராது. அதனால் பிரஸ் ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வித்தை உண்டு. பேக்கிங் அட்டையைச் சின்னதாக மடித்து, ஒருவன் பக்கத்து இரண்டு பட்டன்களின் இடுக்கிலும் செருகிவிடுவோம். பட்டன்கள் அமுங்கியபடியே நிற்கும். அந்த ஆளின் கைகள் காலியாகிவிடும். அவன் தகட்டை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கலாம். எதிரே நிற்பவன் அமுக்கினால் போதும், பாளம் இறங்கிவிடும். சூப்பர்வைசருக்கும் இது தெரியும். ஆடிட் வரும் நாளன்று காலையில், "அட்டையெல்லாம் எடுத்துருங்கப்பா," என்று அவரே சொல்லிவிட்டுப் போவார்.

அன்றைக்குப் பிரஸ்ஸில் புது டை, அதாவது தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு, மாட்டியிருந்தார்கள். பீஸ் உள்ளே ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. எண்ணிக்கை பின்தங்கிக்கொண்டே போனது. பெர்மனென்ட் லிஸ்ட் அந்த மாதம் வரப்போகிறது என்று ஷாப் முழுக்கப் பேச்சு. நான் அட்டையை மடித்து எடுத்துக்கொண்டு அவன் பக்கம் போனேன்.

"இன்னிக்கு வேணாம்டா மாப்ள. டை புதுசு, பீஸு ஒட்டுது," என்றான்.

"பெரிய கடல்காரனாம். உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்," என்று சொல்லிக்கொண்டே அவன் பட்டன்களில் நானே செருகினேன். அவன் தலையை ஆட்டிச் சிரித்தான்.

ஒரு மணி நேரம் பிரமாதமாக ஓடியது. அவன் வைப்பான், கையை எடுப்பான், நான் அமுக்குவேன். பார்க்கவே வேண்டாம், கைகளுக்கே அந்தத் தாளம் பழகிவிடும். பத்து மணிக்கு டீ வண்டி வந்தது. நான் கழுத்தைத் திருப்பி, என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அந்த நேரத்தில் ஒட்டிக்கொண்ட பீஸை எடுக்க அவன் கையை இன்னொரு தடவை உள்ளே விட்டிருக்கிறான். என் கைகள் தாளத்தை விடவில்லை, அமுக்கிவிட்டன. அவன் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன. அவன் கத்தினானா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் பிரஸ்ஸைப் பார்த்தேன்.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று மாலையே என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். தர்மபுரிப் பக்கத்து மனிதர், கெட்டவர் இல்லை. "ஏம்ப்பா, ரெண்டு பேருமே போயிறாதீங்க. ஒருத்தனாச்சும் நில்லுங்க. அந்தப் பையன் எப்படியும் ஊருக்குத்தான் போவான்," என்றார். உள்ளே ஒரு தாளைக் கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னார்கள். 'அட்டையை அவராகவே வைத்துக்கொண்டார், நான் கவனிக்கவில்லை' என்று என் கையெழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பேனா நன்றாக எழுதியது என்பதுவரை நினைவிருக்கிறது.

அவன் கவனக்குறைவால் நடந்த விபத்து என்று முடிவானது. டிரெய்னி ஒப்பந்தத்தை அத்துடன் முடித்து அனுப்பிவிட்டார்கள். அவன் பெட்டியை நான்தான் ஓசூர் பஸ் ஸ்டாண்டுவரை தூக்கிக்கொண்டு போனேன். "உன்ட்ட எதுவும் கேட்டாங்களாடா?" என்றான். "கேட்டாங்க, பெருசா ஒண்ணுமில்ல," என்றேன். அடுத்த லிஸ்ட்டில் எனக்கு நீலச் சட்டை கிடைத்தது.

அதன்பிறகு இரண்டு வருடங்கள் போயின. எனக்குக் கல்யாணம் ஆனது. மூக்கண்டப்பள்ளியிலேயே இரண்டு அறை வீடு பார்த்து மனைவியைக் கூட்டிவந்தேன். அவளுக்கு நாலாவது மாதம் நடக்கும்போதுதான் அவனிடமிருந்து போன் வந்தது. அவன் அண்ணன் யாரையோ பிடித்து, கிருஷ்ணகிரியில் தொழிலாளர் அதிகாரியிடம் மனு போட்டிருக்கிறாராம். விபத்து அவன் தவறால் நடக்கவில்லை என்று ஆனால், கம்பெனி அவனைத் திரும்ப எடுத்து உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுக்கவேண்டி வருமாம். "நீ வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்டா. யாரு வச்சான்னுகூட சொல்ல வேணாம். அட்டைய நான் வைக்கலன்னு மட்டும் சொல்லு," என்றான்.

நான் எழுதிக் கொடுத்த தாளைப் பற்றி அவனுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. விசாரணையில் அந்தத் தாளைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போடுவார்கள். அங்கே வைத்து அவன் அதைப் பார்க்கப் போகிறான். அதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நல்லெண்ணம்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் அவன் முகத்தை நாலு பேர் முன்னால் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

வார லீவோடு இரண்டு நாள் சேர்த்துக்கொண்டு கிளம்பினேன். கிருஷ்ணகிரி, சேலம், மதுரை, ராமநாதபுரம் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. அவன் அண்ணன் மனைவி தலைவாழை இலை போட்டு, பாறை மீன் குழம்பு ஊற்றினார். "எங்க கொழுந்தன் கூடவே நின்னு வேல பாத்தவுகளாம்ல நீங்க. அன்னைக்கு நீங்கதான் தூக்கிட்டு ஓடுனீகளாம்," என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தேன். சாயங்காலம் அக்கம்பக்கத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். "காலையில கடலுக்கு வர்றியாடா?" என்று அவன் கேட்டபோது, அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று உடனே சரி என்றேன்.

வெளுக்கும் நேரத்தில் கிளம்பினோம். ஃபைபர் வள்ளம். அண்ணன் எஞ்சினைப் பிடித்திருந்தார், நான் நடுவில், அவன் முன்பக்கம். கரைக்கு எதிரே இருந்த தீவைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறியது. குனிந்து வாந்தியெடுத்தேன். "ஓசூர்ல இருந்து மீனுக்குத் தீனி கொண்டாந்திருக்காக," என்று அண்ணன் சிரித்தார். முகத்தைக் கழுவக் கடல்தண்ணீரை அள்ளி ஊற்றியது அவன்தான்.

எஞ்சினை அணைத்துவிட்டு அண்ணனும் அவனைத் தாண்டி முன்முனைக்குப் போய் உட்கார, இருவரும் தூண்டில் போட்டார்கள். அப்போதுதான் அவன் கையை நன்றாகப் பார்த்தேன். தங்கூசி என்கிற நைலான் நரம்பைக் கட்டை விரலுக்கும் மீதி இரண்டு விரல்களுக்கும் நடுவே பிடித்திருந்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் நரம்பு நழுவியது. நழுவியதை இடது கையால் பிடித்துச் சுற்றினான். உள்ளங்கையில் அறுத்த கோடுகள் நிறைய இருந்தன.

"இழுக்குற பிடியே கடைசி ரெண்டு வெரல்லதான்டா இருக்கு. வெரலு இருந்தப்ப அது தெரியல," என்றான். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, "அண்ணன் பாவப்பட்டுக் கூட்டிட்டு வருது. ஒரு பங்கும் குடுக்குது. எத்தன நாளைக்கு? அந்த வேல கெடச்சிருச்சுன்னா போதும். கூட்டச் சொன்னாக்கூடக் கூட்டுவேன்," என்றான்.

அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரை மாட்டிக்கொண்டிருந்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. "உன்ட்ட ஒண்ணு சொல்லணும்டா," என்று ஆரம்பித்தேன். "சொல்லு," என்றான், நரம்பைப் பார்த்தபடி. அவனுக்கு மீன் கடித்திருந்தது. நல்ல கனமான மீன் போலிருக்கிறது, நரம்பு விறைத்து நின்றது. மீனை இழுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய பிரஸ்ஸில் பாளம் இறங்கி ஏறும்போது கிளட்ச்சிலிருந்து காற்று பீறிட்டு வருமே, அதே புஸ். அதைவிட நூறு மடங்கு நீளம். நான் திரும்பவில்லை. எனக்கு எதிரே அவன் இருந்தான், அவனைத்தான் பார்த்தேன். அந்தச் சத்தம் கேட்ட அதே நொடியில் அவன் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டான். கண்களை இறுக்கி மூடிக்கொண்டான். தங்கூசி அவன் கையை விட்டு ஓடியது. சுற்றி வைத்திருந்த கட்டை வள்ளத்தின் ஓரத்தில் தட்டித் தண்ணீரில் விழுந்து, மீனோடு போய்விட்டது.

"கயித்த ஏண்டா விட்ட?" என்று அண்ணன் திரும்பினார். அப்புறம் அவர் பார்வை எங்கள் இருவரையும் தாண்டிப் போனது.

நான் திரும்பிப் பார்த்தேன். முதலில் நாற்றம். அழுகிய மீனும் சேறும் கலந்தது போல ஒரு நாற்றம் முகத்தில் ஈரமாக வந்து படிந்தது. பிறகு முதுகு. கறுப்பாக, பளபளவென்று, எங்களிடமிருந்து ஒரு லாரி நீளம் தள்ளி எழுந்து போய்க்கொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தால் இன்னும் வந்தது. கடைசியில் சின்னதாக ஒரு துடுப்பு. அத்தனை பெரிய உடம்புக்கு அது போதுமா என்று அந்தப் பயத்திலும் எனக்குத் தோன்றியது. சத்தமே இல்லாமல் அமிழ்ந்தது. அது இறங்கிய இடத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது மாதிரி வழவழவென்று நின்றது.

அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "எந்திரிக்காதீக. எஞ்சின தொடக் கூடாது," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு தண்ணீரைப் பார்த்து, வீட்டுப் பெரியவர்களிடம் பேசுகிற குரலில், "பெருசு, நாங்க பொழைக்க வந்த ஆளுக. ஒன் பாதையில குறுக்க வரல. நல்லபடியாப் போயிருப்பா," என்றார். கடலில் வைத்து அதன் பேரைச் சொல்லமாட்டார்களாம், பெருசு என்றுதான் சொல்வார்களாம். அது அப்போது எனக்குத் தெரியாது.

எங்களுக்கு அடியில் நிழல் மாதிரி ஒன்று போனது. வள்ளம் லேசாகத் தூக்கி இறங்கியது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எந்தக் கை என்று பார்த்துப் பிடிக்கவில்லை. பிடித்த பிறகு, என் உள்ளங்கையில் அந்த இரண்டு மொட்டைகள் அழுந்தியபோதுதான் தெரிந்தது. அவன் அதை இன்னும் நெஞ்சோடு இறுக்கி வைத்திருந்தான். கடலில் பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதிலேயே இரண்டு தடவை பெருசைப் பார்த்தவன். அவன் திமிங்கலத்துக்குப் பயப்படவில்லை. அந்தப் புஸ் சத்தம்தான் அவனை அப்படி ஆக்கிவிட்டது. அவனை அப்படி ஆக்கியவன் நான்.

"நாந்தான்டா எழுதிக் குடுத்தேன்," என்றேன். "அட்டைய நீயா வச்சுக்கிட்டேன்னு. அன்னிக்கு சாயங்காலமே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். கம்பெனில அந்தப் பேப்பரு இருக்கு."

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தான். கோபம் வந்திருந்தால் தேவலை. கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு புரியாத பிள்ளை மாதிரி பார்த்தான். அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ரொம்ப தூரத்தில், மேற்கே, அது இன்னொரு முறை மூச்சு விட்டது. வெள்ளையாகப் புகை எழுந்து கலைந்தது. சத்தம் தாமதமாக வந்து சேர்ந்தது.

"வந்து மாத்திச் சொல்லுவியா?" என்றான்.

"சொல்றேன்டா. நான் வச்சேன்னே சொல்றேன். எது வந்தாலும் வரட்டும்."

அண்ணன்தான் பேசினார். "சரி தம்பி. பெருசு மூச்சு கேக்குற தூரத்துல சொல்லிட்டீக. அது கேக்கக் குடுத்த வார்த்தைய ஆரும் மாத்த மாட்டாக. அது போதும் எங்களுக்கு," என்றார். இவ்வளவு சுலபமாக என்னை நம்பிவிட்டார். எனக்கு அவர் மேல் எரிச்சல்கூட வந்தது.

கரைக்கு வந்ததும் அண்ணன் எல்லோரிடமும் பெருசு வந்ததைச் சொன்னார். வேறு எதையும் சொல்லவில்லை. அன்றிரவு பஸ்ஸில் எனக்கு உற்சாகமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? பாவத்தைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சொன்னதே பாதி வேலை என்று நினைத்துக்கொண்டேன். ஓசூரில் இறங்கி, மனைவியை எழுப்பி உட்காரவைத்து, திமிங்கலக் கதையை முதல்தடவையாகச் சொன்னேன்.

விசாரணைக்கு நாள் குறிக்க மூன்று மாதம் ஆனது. அதற்கு முந்தின வாரம் கம்பெனி ஆபீசில் கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். "கிருஷ்ணகிரிக்குக் கூப்ட்டிருக்காங்க போல இருக்கே. போயிட்டு வாங்க. எழுதிக் குடுத்ததைத்தானே சொல்லப் போறீங்க," என்றார். பிறகு, எழுந்திருக்கும்போது, "வீட்ல எப்ப டெலிவரி?" என்று கேட்டார். "ரெண்டு மாசம் இருக்கு சார்," என்றேன். "நல்லா பாத்துக்குங்க," என்றார். அவ்வளவுதான் நடந்தது. அவர் மிரட்டினார் என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவோ வசதி. அவர் மிரட்டவில்லை.

கிருஷ்ணகிரியில் அந்த ஆபீஸ் ஒரு மாடிக் கட்டிடத்தில் இருந்தது. அவனும் அண்ணனும் முந்தின நாளே கிளம்பி வந்திருந்தார்கள். இருவரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்ட்டீகளா தம்பி?" என்றார். எனக்குச் சோறு இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. சாப்பிட்டேன் என்றேன்.

தொழிலாளர் அதிகாரி கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். என் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"இவர் அட்டையைத் தான் வைக்கலைங்கறாரு. நீங்க எதிரே நின்னவரு. அன்னைக்கு அட்டையை வச்சது யாரு?"

கம்பெனி சார்பில் வந்திருந்த அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்து, சொல்லுங்க என்கிற மாதிரி லேசாகத் தலையசைத்தார். அவன் மேசை மேல் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். வாயைத் திறந்தேன். மனைவி ஞாபகம் வந்தது, வீட்டு வாடகை ஞாபகம் வந்தது, சட்டையின் நிறம்கூட ஞாபகம் வந்தது.

"ஞாபகமில்லீங்க," என்றேன்.

"யார் வச்சதுன்னு ஞாபகமில்லையா?"

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆயிருச்சுங்க. ஞாபகமில்லீங்க."

பழைய பொய்யையாவது திரும்பச் சொல்லியிருக்கலாம். அதற்கும் துணிச்சல் இல்லை. உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை என்று ஒரு இடுக்கைக் கண்டுபிடித்து அதில் நுழைந்துகொண்டேன். அதிகாரி இன்னும் இரண்டு தடவை வேறு வேறு விதமாகக் கேட்டார். பிறகு பேனாவை மூடிவிட்டார். எதிர்ச்சாட்சி இல்லாததால் முதலில் எழுதிக் கொடுத்ததே நின்றது. அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த முடிவு தாளில் வருவதற்கு இன்னும் சில வாரங்கள் ஆனாலும், அந்த அறையிலிருந்து வெளியே வரும்போதே எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது.

படிக்கட்டில் அண்ணன் நின்றார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "பெருசு கேக்க வார்த்த குடுத்தீகளே தம்பி," என்றார். அவமானம் அவருக்கு வந்ததைப் போல முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

அவனும் நானும் பஸ் ஸ்டாண்டுவரை சேர்ந்து நடந்தோம். வெயில் கொளுத்தியது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்து அவன் நடந்ததாகத் தெரியவில்லை. மாம்பழ மண்டிகளைத் தாண்டும்போது, "வீட்ல எத்தன மாசம்டா?" என்றான்.

"ஏழு முடிஞ்சிருச்சு."

"வெயில்ல நடக்க விடாத," என்றான்.

ஓசூர் பஸ் திரும்பி உள்ளே வந்தது. கல்யாண முகூர்த்த நாள் போலிருக்கிறது, நிற்பதற்குள் கூட்டம் பாய்ந்தது. நான் மலைத்து நின்றேன். அவன் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு பஸ்ஸோடு கூடவே ஓடி, எக்கி, ஜன்னல் கம்பிக்குள் அந்தக் கையை விட்டுத் துண்டை ஒரு சீட்டில் போட்டான். "சீட்டு போட்டாச்சு, ஏறுடா," என்று கூட்டத்துக்கு மேலே கத்தினான். அறையில் இருந்த காலத்தில் ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இடம் பிடித்துத் தந்தவன் அவன்தான். அது அவனுக்கு அப்படியே வந்துவிட்டது.

முட்டி மோதி ஏறி, துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவன் கீழே, ஜன்னலுக்கு நேராக, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இறங்கிப் போய் அவன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்தால் சீட்டு போய்விடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே துண்டை ஜன்னல் வழியாக அவனிடம் நீட்டினேன்.